மஞ்சள் விளக்கடிப் பூ

பேரனுக்குப் பெண் பார்க்க வேப்பம்பட்டிலிருந்து வந்து கரையான்சாவடியில் இறங்கியிருக்கிறோம். மகனும் மருமகளும் பழக்கடைக்குப் போகிறார்கள். பூ வாங்குவது என் பொறுப்பு.

ரோடு முழுக்க கரண்டு கம்மியாக இழுக்கிற வெள்ளை எல்.இ.டி. விளக்கு மாட்டிவிட்டார்கள். கீழே விழுந்த குண்டூசிகூடத் தெரிகிறது. மூலையில் பழைய மஞ்சள் விளக்கு ஒன்றுதான் மிச்சம். பூக்காரி சரியாக அதன் அடியில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அங்கேயே இடிக்கிறது.

"இன்னாம்மா, அம்மாம் வெளிச்சத்த உட்டுட்டு இங்க குந்திகினு கீற?"

"அந்த லைட்டு சூட்டுல பூ வாடிப்பூடும் ஆயா."

"எங்க ஊட்லயும் அதே பல்புதான். தொட்டாக்கூட சுடாது. பொண்ணு பாக்கப் போறோம், நேத்துப் பூவ தலையில கட்டாத."

நாலு முழம் மல்லியைக் கையில் வாங்கிக்கொண்டு வெள்ளை விளக்குக்கு நடக்கிறேன். மஞ்சளில் பளிச்சென்று இருந்த சரத்தில் ஓரமெல்லாம் பழுப்பு. இதோடு அவர்கள் வாசலில் போய் நின்றிருந்தால் என் மானம் போயிருக்கும்.

திரும்பி வந்து நீட்டுகிறேன். அவள் கொஞ்சமும் கூசாமல் ஈரத்துணிக்கு அடியிலிருந்து வேறு சரம் எடுத்துத் தருகிறாள். அதையும் வெள்ளை விளக்கடிக்குக் கொண்டுபோகிறேன்.

"பொண்ணையும் இப்டித்தான் லைட்டாண்ட இட்டாந்து பாப்பியா ஆயா?" என்று பின்னாலிருந்து கத்துகிறாள்.

இந்தப் பூ நல்ல பூதான். ஆனால், பகலில் வேண்டாம், விளக்கு வைத்த பிறகு வாருங்கள் என்று பெண் வீட்டார் இரண்டு தடவை சொன்னது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.