எந்த வேலையும் செய்த மலர் அக்கா

காலைப் பாலை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வந்தது. எங்கள் பால் சங்கத்தின் முகாமையாளர் மலர் அக்கா மாரடைப்பால் காலமாகிவிட்டார். முதல்நாள் பின்னேரம்கூட என்னை ஏசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனவர். அழுதுகொண்டே பாலை இறக்கி முடித்தோம். நிறுத்தியிருந்தால் அதற்கும் ஏசியிருப்பார்.

ஓமந்தைப் பக்கத்தில் அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய நேர்முகத் தேர்வுகளும் தெரிந்திருக்கும். வேலை கேட்டு வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணிவென்று நினைத்து, “எந்த வேலையெண்டாலும் செய்வன்” என்பார்கள். நிர்வாகசபையில் இருந்த நாங்களும் மகிழ்ந்து தலையாட்டுவோம். அவரோ பேனையைக் கீழே வைத்துவிடுவார்.

“அப்பிடி ஒரு வேலை இஞ்ச இல்லைத் தம்பி.”

பிறகு என்ன வேலை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரு வருடத்தில் எதைப் பழகியிருக்க வேண்டும் என்று சொல்வார். கேட்டதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைப்பார். அதற்குள் எங்கள் தேத்தண்ணி ஆறிவிடும். சொல்லாத வேலைக்கு ஏசமாட்டேன் என்பது அவர் கொள்கை. சொன்ன வேலைக்கு ஏசுவதில் குறை வைக்கவில்லை.

முல்லைத்தீவில் இருந்து வந்த பரீனாவை, மலர் அக்கா பொறுப்பேற்க முன்னரே நாங்கள் ‘உதவிக்கு’ என்று எடுத்திருந்தோம். ஒருநாள் குளிரூட்டும் தொட்டி நின்றுபோய்ப் பால் முழுவதும் திரைந்துவிட்டது. பழி பரீனாவின் தலையில் விழுந்தது. அவரை வேலையால் நிறுத்த நிர்வாகசபை கூடியது. புதிதாக வந்திருந்த மலர் அக்கா, பரீனாவின் வேலை என்னவென்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கணக்கு எழுதுவது என்றார் தலைவர். பால் அளப்பது என்றார் இன்னொருவர். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடுவது என்றேன் நான். தொட்டியைப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

“என்ன வேலை எண்டு உங்களுக்கே தெரியேல்லை. பிறகு அவா எதில பிழை விட்டவா?”

பரீனா போகவில்லை. பாலைப் பரிசோதிப்பது அவர் வேலையானது. அதற்கான பயிற்சிக்கும் மலர் அக்காவே அனுப்பினார். இன்று அந்தப் பகுதிக்குப் பரீனாதான் பொறுப்பு. தலைவர் வீட்டுப் பாலையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் சபை கூடியது. மலரைப் போல ஒருவரைத் தேடுவோம் என்றார் தலைவர். எல்லோரும் சம்மதித்தோம். பரீனா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா என்ன வேலை செய்தவா எண்டு ஒவ்வொருவரா சொல்லுங்கோ.”

சொன்னோம். மறுபடியும் ஆளுக்கொரு பதில். வங்கிக்கு அலைந்தது, நள்ளிரவில் பழுதான மோட்டருக்கு ஆள் பிடித்தது, மாடு செத்த வீடுகளுக்குப் போய் ஆறுதலாகக் கூட இருந்தது. இந்தமுறை எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. எங்கள் வேலைகளை அளந்து பிரித்துத் தந்தவர், மிஞ்சியதையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் வேலை என்ன அக்கா என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

அவருடைய வேலையை மூன்று பேருக்குப் பிரித்திருக்கிறோம். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, உங்கள் வேலை என்ன என்ற அந்த ஒரு கேள்விதான். இனி வருகிறவரிடம் அதை முதல்நாளே கேட்பேன்.