எந்தக் காற்று

ஜெர்மனியின் மாசிக் குளிரில் எங்கள் வீட்டு ஹைட்சுங், அதுதான் சுவரோரம் வீட்டைச் சூடாக்கும் இரும்பு, சூடாகவில்லை. கீழே இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி சொன்னபடி நிலவறைக் கொதிகலனுக்குத் தண்ணீர் நிரப்பினேன். "இனி என்ட்லுப்டன் செய்யுங்கோ" என்று அவர் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னார். எனக்கு விளங்கியது லுப்டன் மட்டும்தான். யன்னல்களைத் திறந்து காற்று விடுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "ஜா, ஜா" என்று தலையாட்டிவிட்டு வந்து எல்லா யன்னல்களையும் திறந்தேன்.

காய்ச்சலோடு படுத்திருந்த மனைவி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "என்னப்பா, என்னைக் கொல்லப் போறியளோ?"

"வீட்டுக்காரி சொன்னவ. கொஞ்சம் பொறும்."

ஹைட்சுங்குக்குள் தண்ணீர் களகளத்ததே தவிர சூடு வரவில்லை. வேலையால் வந்த மகள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்று நான் நடந்ததைச் சொல்லக் கேட்டாள்.

"அப்பா, என்ட்லுப்டன் எண்டால் வீட்டுக் காற்றை இல்லை. ஹைட்சுங்குக்குள்ள நிக்கிற காற்றை வெளியில விடச் சொன்னவ."

சின்னச் சாவி ஒன்றால் அதன் ஓரத்துத் திருகைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றுப் போய்த் தண்ணீர் கசிந்ததும் மூடினாள். இரும்பு மெல்லச் சூடேறியது.

"விளங்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?" என்றாள் மனைவி. அவளுடைய பற்கள் கிடுகிடுத்தன. நான் அவள் பக்கம் திரும்பாமல் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.