கட்டிலுக்குக் கீழே மூச்சு விட்ட போத்தல்

சாப்பாடு எப்படி உடம்புக்குத் தெம்பாகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இராணுவம்தான். சிரிக்காதீர்கள். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அண்ணாவின் கட்டிலுக்குக் கீழே நான் செய்த பரிசோதனையால் வந்த வினை அது.

யுத்தகாலம். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவுக்குக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். எங்காவது குண்டு வெடித்தால் ஊரடங்கு, ஊரடங்கென்றால் பள்ளிக்கூடம் பூட்டு, பிறகு வீடு வீடாகச் சோதனை. அம்மாவுக்கு அண்ணாவைப் பற்றிய பயம் ஒன்றுதான். அவன் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்துக்கொண்டிருந்தான். அந்த வயதுத் தமிழ்ப் பெடியனை ஜீப்பில் ஏற்றினால் எப்போது திரும்பி வருவான், வருவானா என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்கோ உயர்தரப் பரீட்சை கழுத்தைப் பிடித்தது. மதுவத்தின் காற்றின்றிய சுவாசம் கட்டாயம் வரும் என்று டீச்சர் அடித்துச் சொல்லியிருந்தார். பேக்கரிக்காரர் பாண் மாவைப் பொங்கவைக்கப் போடும் ஈஸ்ட்டைத்தான் எங்கள் பாடப்புத்தகம் மதுவம் என்றது. பள்ளிக்கூடம் பூட்டினால் என்ன, வீட்டில் செய்து பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு கரண்டி சீனியை நெருப்பில் போட்டால் பக்கென்று எரிந்து முடிந்துவிடும். உடம்பிலுள்ள கலங்களும், அதாவது செல்களும், அப்படி எரித்தால் சோறு தின்ற கையோடு எல்லாரும் கருகிப்போவோம். அதனால் கலம் குளுக்கோசை மெல்ல மெல்ல உடைத்து, வருகிற சக்தியை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, வேலை நடக்கிற இடத்துக்குக் கொடுக்கிறது. ஒட்சிசன் இருந்தால் இழைமணி என்ற நுணுக்கமான உறுப்பு கடைசிவரை உடைத்து நிறையச் சக்தி எடுக்கும். ஒட்சிசன் இல்லையா, மதுவம் பாதியில் நிறுத்திவிடும். கிடைத்த சொற்பச் சக்தியோடு சமாளித்துக்கொண்டு, மிச்சத்தைச் சாராயத்தில் இருக்கிற அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியே தள்ளும். ஊரடங்குக்குள் பருப்பை மட்டும் வைத்துச் சமாளித்த எங்கள் குடும்பம் மாதிரி.

சூடு வெளியே போகாத சுடுதண்ணிப் போத்தலில் சீனிக் கரைசலும் மதுவமும் ஊற்றி, காற்றுப் படாமல் மேலே எண்ணெய் விட்டேன். மூடியைத் துளைத்து ஒரு வெப்பமானியும் ஒரு குழாயும் சொருகினேன். குழாயின் மறுமுனை சுண்ணாம்பு நீருக்குள். காபனீரொட்சைட்டு வந்தால் அது பால்போல வெளுக்கும். குழாய் கழன்றுவிடாமல் சிவப்பு வயரால் சுற்றிக் கட்டினேன். குமிழி எண்ணுவதற்குப் பக்கத்தில் எலாம் மணிக்கூடு.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்ன கோதாரி?"

"மதுவம், அம்மா. உயிருள்ளது. சீனி சாப்பிடுது."

"உயிருள்ளதெண்டால் என்ர குசினிக்குள்ள வேண்டாம். மச்சம் மாமிசம் புழங்காத குசினி இது. தூக்கு!"

அண்ணா சிரித்தான். "என்ர கட்டிலுக்குக் கீழ வை. உன்ர பூச்சியள் என்னைக் கடிக்காதுதானே?"

"பூச்சியில்லை, விசரா, பங்கசு!"

குளிராமல் இருக்கட்டும் என்று அவன் உடுக்கும் சாரத்தால் போர்த்தி வைத்தேன். அடுத்த நாள் காலையில் ஆமிக்காரர் வந்தார்கள்.

ஓர் இளம் சிப்பாய் துவக்கு நுனியால் சாரத்தைத் தூக்கினான். போத்தல், குழாய், சிவப்பு வயர், டிக் டிக்கென்று மணிக்கூடு. "போம்பய!", குண்டு என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தான். கண் மூடித் திறப்பதற்குள் எங்களையும் முற்றத்தில் நிறுத்தி, அண்ணாவின் நெஞ்சில் துவக்கை வைத்துவிட்டார்கள்.

நான் விளக்கப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ் ஏறவும் கடைக்குப் போகவும்தான் காணும். உள்ளே ஒன்று உயிரோடு இருக்கிறது, அது சீனி தின்கிறது, மூச்சு விடுகிறது என்று அதை வைத்துச் சொன்னேன். சிப்பாய் இன்னும் பின்னால் போனான். அவர்களோடு வந்த சார்ஜன் அண்ணாவின் சட்டையைப் பிடித்து ஜீப் பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் அம்மா கத்தினார்: "கசிப்பு, மாத்தயா! கசிப்பு!"

மாத்தயா என்றால் ஐயா, கசிப்பு என்றால் கள்ளச்சாராயம். வழக்கு வரும், மானம் போகும், ஆனால் ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவான். அம்மா அதோடு நிற்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு பக்கத்தில் நின்ற அப்பாவைக் கையால் காட்டி, "இந்த மனுசன்தான் குடிக்கிறது" என்று சிங்களமும் தமிழுமாய் ஒப்பாரி வைத்தார். சாராயம் கலந்திருக்குமோ என்று இருமல் மருந்தையே மணந்து பார்த்துக் குடிக்கிற மனுசன்!

சார்ஜன் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். போத்தலை எடுத்து வந்து குடித்துக் காட்டச் சொன்னார்.

அப்பா உள்ளே போனார், போத்தலோடு வந்தார், மூடியோடு குழாயைப் பிடுங்கி எறிந்தார். எண்ணெய், மதுவம், அரைகுறை அற்ககோல் எல்லாவற்றையும் மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு "ஹா" என்றார். அந்த "ஹா"வை எங்கே படித்தாரோ தெரியாது. ஆமிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாவின் சட்டையை விட்டார்கள். மதில் மேலாக எட்டிப் பார்த்த அயலவரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். சுண்ணாம்பு நீர் நன்றாக வெளுத்திருந்தது.

கதை ஊரெல்லாம் பரவியது. அப்பா அங்கத்தவராக இருந்த கோயில் சபையில் அவரை ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். நான் போய் உண்மையைச் சொல்லுகிறேன் என்று அம்மா கொதித்தார். எனக்கும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"விடும்," என்றார் அப்பா. "உண்மை ஆமிக்காரற்ற காதுக்குப் போனால்? பெடியன் வீட்டில இருக்கிறான். எனக்கு அது காணும்."

அதற்குப் பிறகும் சோதனைகள் வந்தன. ஜீப் சத்தம் கேட்டால் அப்பா தேவாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, திருநீற்றை ஈரத் துவாயால் துடைப்பார். தலையைக் கலைத்து, சட்டைப் பொத்தானைத் தாறுமாறாகப் பூட்டி, சுடுதண்ணிப் போத்தலோடு வாசல் கதிரையில் சாய்ந்துகொள்வார். உள்ளே வெறும் தேத்தண்ணிதான். "மாத்தயா, இன்றைக்குமா?" என்று சார்ஜன் படலையில் நின்றே சிரிப்பார், அடுத்த வீட்டுக்குப் போவார். அண்ணா உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்பான்.

ஜீப் போனதும் அப்பா எழுந்து கைகால் கழுவி, திருநீறு பூசி, விட்ட வரியிலிருந்து தேவாரத்தைத் தொடங்குவார்.