மிச்சமான பதினெட்டு நிமிடம்

கப்பலூர் தொழிற்சாலைகளின் பாய்லர்களில் சூடு எல்லை மீறினால் அலாரம் அடிக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் வேலை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கோப்புகளைச் சுருக்கிக் கட்ட இருபது நிமிடம் ஆகும். காத்திருந்து எரிச்சலாகி, இரண்டே நிமிடத்தில் முடிக்கும் வேறொரு சுருக்கு முறைக்கு மாற்றினேன். கட்டிய கோப்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"மாப்ள, அங்க பாய்லர்ல இருக்கது பழைய கம்ப்யூட்டர் பொட்டி, எடம் கம்மி. இங்க ஒரு தடவ ஏத்திப் பாத்துட்டு அனுப்புவமா?" என்று கேட்டான் உடன் வேலை பார்க்கும் செல்வம்.

"அதுக்கெல்லாம் எங்கடா நேரம்?" என்று சொல்லிவிட்டு, கோப்பை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். பெட்டியில் இடம் நிறைந்துபோய், சுருக்கிய கோப்புகளில் கடைசியாக விரிய வேண்டிய அலாரம் மட்டும் விரியாமல் நின்றிருந்தது. திரையில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

பாய்லரைக் கவனிக்கும் சிக்கந்தர் பாய் என்னைத் திட்டவில்லை.

"பொட்டி கத்தும்னு நம்பித்தான் ஜும்மா தொழுகைக்குக் கெளம்புனேன் தம்பி. தொப்பிய மறந்துட்டுத் திரும்பி வந்தா, மீட்டர் முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டி நிக்கிது. ஓடிப்போய் அணைச்சேன். பக்கத்து ரூம்ல பன்னெண்டு பொம்பளைக சாப்ட்டுக்கிட்டு இருந்தாக."

அந்த அறையின் சுவரைத் தொட்டேன். இன்னும் சுட்டது.

புது முறையால் மிச்சமான பதினெட்டு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன்.