நாற்பது பேரில் ஒரு மூச்சு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இன்றைக்கு, வந்து குடியேறிய இந்தப் பனி நாட்டில், அஜின்கோர்ட்டில் பாதிக் கடைகளின் வாசலில் பனி தள்ளுவது என்னுடைய ட்ரக்குகள்தான். ஸ்நோவைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, பனி விழுமுன் பைன் காட்டுக்குள் வரும் காற்றைப் பற்றி ஒரு ஜப்பான்காரன் இசை எழுதி, அதைக் கொண்டுவந்து என் மனைவியின் வாயில் வைத்துவிட்டான்.

அவள் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாள். அந்த இசையில் சொல் என்று ஒன்றுமே கிடையாது. நாற்பது பேரும் மாறி மாறி மூச்சை விடவேண்டும்; அதுதான் காற்று. எழுதியவனே ஒத்திகைக்கு வந்திருந்தான். என் மகனின் வயதுதான் இருக்கும். எல்லாருடைய மூச்சையும் கேட்டுவிட்டு, என் மனைவிக்கு முன்னால் குனிந்து, “இந்த மூச்சைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்” என்றானாம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஊதல். கறி தாளிக்கும்போதும் ஊதல்.

“முப்பத்தைஞ்சு வருசமா எனக்குப் பக்கத்திலதான் உந்த மூச்சு. அவர் இப்ப தேடி வந்திட்டாராம்!” என்றேன்.

“நீங்கள் எங்க கேட்டனீங்கள்? உங்கட குறட்டைக்குள்ள எனக்கே கேக்கிறேல்லை.”

“கச்சேரியில கண்ணை மூடிக்கொண்டிருந்து, நாப்பதுக்குள்ள உம்மட மூச்சு எதெண்டு நான் சொல்லுறன், பாரும்.”

“சொல்லுங்கோ பாப்பம்.” அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கச்சேரியன்று முன்வரிசையில், கோட் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி இருந்தேன். பனி வரப்போகிற காலையில், ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்சம் நின்றால் ஒரு இரைச்சல் கேட்கும். அதே இரைச்சல். கள்ளன், சரியாகத்தான் பிடித்திருந்தான். அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு நீளமாக வந்து, முடிவில் லேசாக உடைந்தது. அவள்தான்! கண்ணைத் திறந்து, ஓரத்து நாற்காலியில் இருந்த ஜப்பான்காரனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் கண்ணை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் எதற்கோ காத்திருந்தான்.

காரில் ஏறியதும் கேட்டேன்: “இடப்பக்கத்தால வந்து, முடிவில உடைஞ்சது. அது நீர்தானே?”

அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். “அது ரெக்ஸ்டேலில இருந்து வாற அன்ரி. அவவுக்கு ஆஸ்துமா. நான் ஆகக் கடைசி. எல்லாரும் நிப்பாட்டின பிறகு, தனிய.”

கடைசியாக வந்த எதையும் நான் கேட்கவில்லை. வென்றுவிட்டேன் என்று அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

“இஞ்சேரும், அந்த மூச்சை ஒருக்கா விட்டுக் காட்டும்.”

“சும்மா இருங்கோ. இந்த ஹீற்றர் இரைச்சலில என்ன கேக்கும்?”

ஹீற்றரை நிறுத்தினேன். கார் குளிரத் தொடங்கியது. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சிரித்தாளே தவிர, ஊதவில்லை.