சத்தம் நின்றால் விழும் பந்து

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தலையில் மூன்று வயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பச்சைப் பந்து. அந்தப் பந்தை அவர் மேலே ஏற்ற வேண்டும். கையால் அல்ல... மனசால்!

பதறாதீர்கள். மாந்திரீகமெல்லாம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு அச்சகத்துக்குப் பக்கத்து அறையில் நடக்கிற பயிற்சி இது. படபடப்புக்காரர்களுக்கு மூளையைப் பழக்குகிறார்கள். எங்களுக்கு இது எட்டாவது சனிக்கிழமை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங் சூப்பர்வைசர். நூல் நூற்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் இரைந்து சுற்றுகிற ஹால் அது. அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, கைஜாடைதான். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும், பக்கத்தில் நிற்கிற என்னிடம் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் உப்பு கேட்பார்.

போன தை மாதம் பிரமோஷன் வந்தது. ஹாலின் ஓரத்தில் கண்ணாடி அறை, ஏ.சி., சுழல் நாற்காலி. தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம். மூன்றாவது வாரம் மில்லிலிருந்து போன்: “அக்கா, சார் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. உடனே வாங்க.”

ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை, மறுபடியும் ஈ.சி.ஜி. மூன்றாவது தடவை டாக்டர் சிரித்தே விட்டார். “ஹார்ட்டு குண்டுக்கல்லாட்டம் இருக்குய்யா!”

நல்ல செய்திதானே? இவருக்கு அதுவே புதுக் கவலையாகிவிட்டது.

“ஹார்ட்டுல ஒண்ணும் இல்லேன்னா பொறவு எதுக்குட்டி இப்படி அடிக்கு? கையெல்லாம் வேர்க்கு. இப்பவே செத்துருவோம்னு தோணுது. அப்ப எனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு.”

துணி துவைக்கும்போது ஒருநாள் சட்டைப் பையில் ஒரு கவர் கிடைத்தது. பிரித்தால் — ராஜினாமா கடிதம்! கையெழுத்துகூடப் போட்டாயிற்று. தேதிதான் போடவில்லை.

“என்னங்க இது?”

“இன்னும் கொடுக்கல. கொடுக்கணும்னு தோணுறப்ப பையில இருக்கணும்ல?”

“பழைய சூப்பர்வைசர் வேலையையே கேட்டுப் பாருங்களேன்.”

“அந்த எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு. பிரமோஷனைத் தாங்க மாட்டாம திரும்பி வந்துட்டான்னு பயலுக சிரிப்பாய்ங்க. அதுக்கு வீட்டுல இருந்துரலாம்.”

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போயிற்று. மில்லைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். பண்டிகைக்கு லீவு விட்டாலே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். நாற்பத்தாறு வயதில் நிரந்தரமாக வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார்? காலையில் அவர் கிளம்பும்போதெல்லாம் கடிதம் இன்றைக்குத் திரும்பி வருமா என்றுதான் பார்ப்பேன். மாலையில் முதல் வேலையாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். வீட்டை அமைதியாக வைத்தேன். ரேடியோ கிடையாது. பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. மிக்ஸி, அவர் மில்லுக்குப் போன பிறகுதான். குக்கர் விசிலடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அப்படியொரு அமைதி எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஆனால் அவருக்கு என்னவோ முன்னைவிட மோசமாகத்தான் ஆயிற்று.

கடைசியில் அந்த ஈ.சி.ஜி. டாக்டரே கிரேஸிடம் அனுப்பினார். கிரேஸ் மனநல ஆலோசகர், பாளையங்கோட்டைப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கருவியை வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் மடவார் வளாகத்துக்கு வருகிறார். “நான் டாக்டர் இல்ல சார்” என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும் இவருக்கு அவர் ‘டாக்டரம்மா’தான்.

முதல் நாள் வயரைப் பார்த்ததுமே இவர் எழுந்துவிட்டார். “தலையில கரண்டு வைக்கப் போறீயளா?”

“இது உள்ள எதையும் அனுப்பாது சார். உள்ள இருந்து வர்றதைக் கேக்கும், அம்புட்டுதான்.”

மூளைக்குள் எப்போதும் மெலிதாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். மனசு தணியும்போது அதில் ஒருவகை அலை கூடும். கம்ப்யூட்டர் அதை அளந்து பந்தை ஏற்றும். மனசு அலைந்தால் பந்து இறங்கும். “எப்படி இருந்தா பந்து ஏறுதுன்னு மூளையே பிடிச்சுக்கிடும். சைக்கிள் பழகுற மாதிரி” என்றார் கிரேஸ்.

எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. நம் தலைக்குள் நடப்பதை டி.வி. மாதிரி பார்க்கலாம் என்றால் சும்மாவா? “முதல்ல எனக்கு ஒட்டிப் பாருங்களேன்” என்றேன். ஒட்டினார். குடும்பத்திலேயே நிதானமானவள் என்று பேர் எடுத்தவள் அல்லவா நான்... பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை! மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றல், சிலிண்டர் புக்கிங், பத்திரிகைக்கு நான் எழுதும் பத்தியை இன்னும் முடிக்காதது — எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துபோயின. என் வீட்டுக்காரர் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

அவருடைய பந்தும் ஏறவில்லை. கிரேஸ் ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். பக்கத்து அச்சகத்துக்காரரிடம் போய், “அண்ணே, செத்த நேரம் மெஷினை நிறுத்துங்கண்ணே” என்று கெஞ்சிவிட்டு வந்தார். ஊசி விழுந்தால் கேட்கும். பந்து இன்னும் கீழேதான் போனது. அடுத்த வாரமும் அப்படியே.

தலையில் ஒட்டிய பசை அங்கங்கே வெள்ளையாகக் காய்ந்திருக்கும். பஸ்ஸில் யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மில்லுக்காரர் தலையில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் அது பஞ்சுதான்.

மூன்றாவது சனிக்கிழமை அச்சகத்துக்காரர் மறுத்துவிட்டார். “முகூர்த்தம் நெருங்குதும்மா. அம்புட்டும் கல்யாணப் பத்திரிகை. இன்னைக்கு நிறுத்த ஏலாது.”

“இன்னைக்குச் சரியா வராது சார். சும்மா உக்காருங்க” என்று கிரேஸ் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். பக்கத்தில் மெஷின் தடதடவென்று ஓடியது. மேஜைமேல் இருந்த டம்ளர்கூட ஆடியது.

பந்து ஏறியது.

கிரேஸ் நம்பவில்லை. வயர் விட்டுப்போச்சோ என்று தொட்டுப் பார்த்தார். பசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். பந்து மறுபடியும் ஏறியது. எனக்கு ஒட்டிப் பார்த்தார். மெஷின் சத்தத்தில் என் பந்து வழக்கம்போலத் தரையில்தான் கிடந்தது. ஆக, கருவியில் கோளாறு இல்லை.

கிரேஸ் பக்கத்து அறைக்கு ஓடினார். ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். பந்து இறங்கியது. ஓட்டச் சொன்னார். ஏறியது. மறுபடி நிறுத்தம், மறுபடி ஓட்டம். மையும் கையுமாக அச்சகத்துக்காரர் வாசலில் வந்து நின்றார்: “ஓட்டவா, நிறுத்தவா? ஒண்ணு சொல்லுங்கம்மா!”

“சார், மெஷின் ஓடும்போது என்ன நினைச்சீங்க?” என்று கேட்டார் கிரேஸ்.

“ஒண்ணும் நினைக்கல டாக்டரம்மா. ஓடுதுல்ல... அம்புட்டுதான்.”

“நின்னப்போ?”

இவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “மில்லுல சத்தம் இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். சத்தம் நின்னா எங்கயோ என்னமோ ஆயிப்போச்சு. கரண்டு போயிருக்கும், தீப் பிடிச்சிருக்கும், யாரு கையாவது மாட்டியிருக்கும். நின்ன உடனே ஓடணும். இருபத்திரெண்டு வருசமா ஓடுனேன். இப்ப அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள சத்தமே வராது. கண்ணு பாக்குது, எல்லாம் ஓடுது. காது நம்ப மாட்டேங்குது.”

குக்கர் விசிலை அடக்க நான் ஓடிய ஓட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. பாவி மனுஷி, அந்தக் கண்ணாடி அறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேனே! நமக்கு எது நிம்மதியோ அதுவேதான் அடுத்தவருக்கும் நிம்மதி என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்?

அன்று மாலையே ரேடியோவைப் போட்டேன். கிரேஸும் பாதையை மாற்றினார். ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்துப் பந்தை ஏற்றினார்கள். அடுத்த வாரம் பாதிக் கதவு. அப்புறம் மூடிய கதவு. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறாவது வாரம் அந்தச் சட்டையைக் கவரோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். இதுவரை அவர் அதைத் தேடவில்லை.

எட்டாவது வாரமான போன சனிக்கிழமை மெஷினைச் சுத்தமாக நிறுத்தினார்கள். பந்து சரசரவென்று இறங்கியது. அங்கேயே கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல மெல்லப் பாதித் திரை வரைக்கும் ஏறி நின்றது. இவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டிச் சிரித்தார்.

குணமாக்கியது கருவியா, பழக்கமா, ‘நின்னப்போ?’ என்ற அந்த ஒரு கேள்வியா? எனக்குத் தெரியவில்லை. கிரேஸும் தெரியாது என்றுதான் சொல்கிறார். அதனாலேயே எனக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் தூங்கிவிட்டார். படபடப்பு எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்துவைக்கச் சொல்லி கிரேஸ் கொடுத்திருந்த நோட்டு என் கைப்பையில் இருந்தது. அடுத்தவர் நோட்டைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் பத்தி எழுதுகிறவளின் பையில் நோட்டைப் போட்டது யார் தப்பு?

‘திங்கள் காலை — ஆபீஸ் ரூம். செவ்வாய் — கரண்ட் கட்.’ அதற்குக் கீழே: ‘புதன் — செல்வி பேசவில்லை. வியாழன் — செல்வி பேசவில்லை. வெள்ளி — பேசினாள். சரியாகிவிட்டது.’

செல்வி நான்தான்.

அந்தப் புதன்கிழமை இவர் முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். இரண்டு நாள், மூன்று நாள்... ஒருமுறை ஒரு வாரம். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று இதே பக்கத்தில் உங்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். அவரும் தன் பாட்டுக்குச் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். மனுஷருக்கு உறைக்கவே இல்லை என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டிருக்கிறேன். கல்யாணமாகி இருபது வருஷம். எத்தனை புதன், எத்தனை வியாழன்! என் தோளில் சாய்ந்து தூங்குகிறவரை எழுப்பி மன்னிப்புக் கேட்கலாமா என்று இருந்தது. வெட்கமாக இருந்ததால் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

நேற்று மதியம் மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேரோடு வந்து நின்றார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனதும் பிடித்துக்கொண்டேன் பாருங்கள்... தெருவே கேட்கிற மாதிரி அரைமணி நேரம் திட்டினேன்.

நான் திட்டத் திட்ட, மனிதர் ஈஸி சேரில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார்!