மேசைமேல் வைத்த தொப்பி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். அப்படிப்பட்டவள் ஒரு நாவலைப் பற்றி, அதுவும் நான் வாசிக்காத இங்கிலீஷ் நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது அந்தப் புத்தகமும் வந்தது. போர்முனையில் பக்கத்து முகாமில் இருந்த நியூசிலாந்துச் சிப்பாய் கொடுத்ததாம். அவன் வெள்ளைக்காரன் இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி.

சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்துக்கு ஓடியவர் என்று மாமனார் மகனோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் என் மூலமாகவே சொல்லிக்கொள்வார்கள். “அவனச் சாப்பிடச் சொல்லும்மா.” “பசிக்கலன்னு சொல்லுட்டி.” நிமிர்ந்து பார்த்தால் இருவரும் எதிரெதிரே இருப்பார்கள். இது எப்போது தீரும் என்பதுதான் எனக்கு ஓயாத கவலை.

மத்தியானம் நான் மாவாட்டும்போது என் வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தின் கதையைத் தமிழில் சொல்வார். ஒரு நாள் சொன்னது இது. மாவோரித் தலைவரின் மகள் ஒரு வெள்ளைக்கார வியாபாரியைக் கட்டிக்கொள்கிறாள். தலைவர் முதல் தடவையாக மகள் வீட்டுக்கு வருகிறார். மூக்கோடு மூக்கு வைத்து அவர் வணக்கம் சொல்ல, மருமகன் திகைத்துக் கையை நீட்டுகிறான். பிறகு மரியாதை செய்வதாக நினைத்து, தலைவரின் தொப்பியை வாங்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறான். தலைவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். அவர்களுக்குத் தலை புனிதமானது. தலையில் வைத்த பொருள் சோற்றுப் பக்கம் வரக்கூடாது.

உள்ளே கயிற்றுக்கட்டிலில் தூங்குவதாக நான் நினைத்திருந்த மாமனார் கனைத்தார்.

“ஏம்மா, அவன்கிட்டச் சொல்லு. திங்குத எடத்துல தொப்பிய வச்சா எவன் இருப்பான்?”

“வெள்ளக்காரனுக்கு அது தெரியாதுன்னு சொல்லுட்டி.”

“பொண்ணு கட்டுதவன் கேட்டுத் தெரிஞ்சுக்கிடணும்னு சொல்லு.”

“வந்தவரு வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? கோவிச்சிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? இதையும் சொல்லு.”

மாவாட்டுவதை நிறுத்தினேன். தவலையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

திரும்பி வரும்போது தெருவரை சத்தம் கேட்டது. மாமனார் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

“ஏலே, அந்தக் கெழவன் மக வீட்டுக்குத் திரும்பி வந்தானா இல்லயா? அதச் சொல்லுல!”

“அம்புட்டுத் தூரம் நான் இன்னும் வாசிக்கலய்யா.”

“பட்டாளத்துல அஞ்சு வருசம் என்னத்தப் புடுங்கின? உக்காந்து வாசி!”

என் வீட்டுக்காரர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். மாமனார் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து கேட்டார். என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் கரிவலம்வந்தநல்லூருக்கு மாடு பார்க்கப் போனார்கள். மாடு அமையவில்லை.